சதாமும் அல் காய்தாவும்: "தொடர்பு" என்ற சொல்லை வைத்து வாதாடுவது எப்படி

விவாதப் போட்டியின் தலைப்பைப் பலகையில் எழுதும்போதே பாதி வாதம் தீர்ந்துவிடுகிறது. "ஈராக்கின் சதாம் உசேன் அரசுக்கும் அல் காய்தாவுக்கும் தொடர்பு இருந்ததா?" என்று எழுதிப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இரண்டு அணியும் ஒரு மணி நேரம் குரல் கொடுத்துவிட்டுத் தொடங்கிய இடத்திலேயே நிற்கும். ஓர் அணிக்குத் தொடர்பு என்றால் சந்தித்துப் பேசியது. மற்ற அணிக்குச் சேர்ந்து தாக்கியது. டர்பன் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் பேசுகிறவர்கள். அறிக்கைகளில் நாலைந்து வெவ்வேறு சொற்களாக இருப்பவை அவர்கள் வாய்க்கு வரும்போது எல்லாமே "தொடர்பு" ஆகிவிடுகின்றன. தமிழில் அதற்கான சொற்களுக்குப் பஞ்சமே இல்லை.

முதல் வேலையாக ஐந்து படிகளைப் பலகையில் எழுதுங்கள்: சந்திப்பு, அடைக்கலம், உதவி, கூட்டு, உடந்தை. ஆள் ஆளைப் பார்த்துப் பேசினால் சந்திப்பு. தெரிந்தே தன் மண்ணில் தங்கவிட்டால் அடைக்கலம். இதில் "தெரிந்தே" என்பதுதான் முக்கியம். பணம், ஆயுதம், பயிற்சி கொடுத்தால் உதவி. இருவரும் உட்கார்ந்து திட்டம் போட்டால் கூட்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலிலேயே பங்கு இருந்தால் உடந்தை. பிறகு தலைப்பை ஒரு படியில் கட்டுங்கள். முதல் படியில் கட்டினால் ஆதரவு அணி வேர்க்காமல் ஜெயிக்கும். ஐந்தாம் படியில் கட்டினால் எதிரணி ஜெயிக்கும். செப்டம்பர் 11-இல் சதாமுக்குப் பங்கு இருந்ததற்குச் சான்று இல்லை என்று 2003 செப்டம்பர் 17 அன்று அதிபர் புஷ்ஷே சொல்லிவிட்டார். (அதற்கு முந்தைய மாதம் வாஷிங்டன் போஸ்ட் எடுத்த கருத்துக்கணிப்பில் 69 சதவீத அமெரிக்கர்கள் பங்கு இருந்திருக்கலாம் என்று நம்பினார்கள். நம்பிக்கைக்கும் சான்றுக்கும் உள்ள தூரத்தைக் காட்ட இந்த எண் உதவும், வேறெதற்கும் உதவாது.)

காலத்தையும் கட்ட வேண்டும். ஈராக் மீது அமெரிக்கா போர் தொடங்கியது 2003 மார்ச் 20. அதற்கு முன் கையில் இருந்த சான்றை மட்டும் வைத்துப் பேசுவதா, பின்னால் வெளிவந்ததையும் சேர்த்துக்கொள்வதா? "2003 மார்ச்சில் கையில் இருந்த சான்று, கூட்டு இருந்தது என்று முடிவு கட்டப் போதுமானது" என்பதே பெரிய மாணவர்களுக்கு ஏற்ற தலைப்பு. இன்றைய அறிவையும் சேர்த்தால் தராசு ஒரே பக்கம் சாயும். அப்போது ஆதரவு அணிக்கு மூன்றாம் படியைக் கொடுங்கள்.

சான்று அட்டை எழுதும் முறை: ஓர் அட்டையில் ஒரே கூற்று, ஐந்து வரி. என்ன சொல்லப்பட்டது, யார் எப்போது சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும், எந்தப் படியைத் தொடுகிறது, பிறகு அந்தக் கூற்றுக்கு என்ன ஆனது. அணிக்கு 12 அட்டை போதும். ஐந்து நிமிடப் பேச்சில் மூன்றுக்கு மேல் விரிக்க முடியாது. தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல்தான் வரும். தோற்கிற அணியின் அட்டைகளைப் புரட்டினால் ஐந்தாவது வரி காலியாக இருக்கும்.

கார்ட்டூம் அட்டை எளியது. 1994 கடைசியிலோ 1995 தொடக்கத்திலோ சூடானில் ஈராக் உளவு அதிகாரி ஒருவர் அல் காய்தா தலைவர் பின்லாடனைச் சந்தித்தார். பயிற்சி முகாமுக்கு இடமும் ஆயுதம் வாங்க உதவியும் பின்லாடன் கேட்டார். ஈராக் பதில் கொடுத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆக, முதல் படி உறுதி. மூன்றாம் படிக்குக் கை நீண்டது, கால் ஏறவில்லை.

பிராக் அட்டையில் எதிரணி வழுக்கி விழும். செப்டம்பர் 11 விமானக் கடத்தல்காரர்களின் தலைவர் முகமது அத்தா 2001 ஏப்ரல் 9 அன்று பிராக் நகரில் ஈராக் அதிகாரி ஒருவரைச் சந்தித்தார் என்பது கூற்று. ஏப்ரல் 4 அன்று வர்ஜீனியா பீச்சில் வங்கிக் கேமராவில் அத்தா பதிவாகியிருக்கிறார். 6, 9, 10, 11 தேதிகளில் அவருடைய செல்பேசி புளோரிடாவில் இயங்கியிருக்கிறது. அந்த நாட்களில் அவர் அமெரிக்காவைவிட்டு வெளியே போனதற்குப் பதிவு இல்லை. ஆனால் போனை வேறொருவரும் பயன்படுத்தலாம். செப்டம்பர் 11 தாக்குதலை (9/11) விசாரித்த அமெரிக்க ஆணையமே சந்திப்பு நடந்திருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லவில்லை. "நடக்கவில்லை என்று நிரூபிக்கப்பட்டது" என்று பேச்சாளர் சொன்னால், நல்ல எதிராளி அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்தே அவரை உட்கார வைப்பார். "நடந்தது என்று நம்பச் சான்று இல்லை" என்பதோடு நிறுத்த வேண்டும்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது அல்-லிபி அட்டைக்கு. ஆப்கானிஸ்தானில் பயிற்சி முகாம் நடத்திய இப்னு அல்-ஷேக் அல்-லிபி 2001 கடைசியில் பிடிபட்டு எகிப்துக்கு அனுப்பப்பட்டார். ரசாயன, உயிரியல் ஆயுதங்களில் ஈராக் அல் காய்தாவுக்குப் பயிற்சி கொடுத்தது என்று அங்கே சொன்னார். 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், பெயர் சொல்லாமல், அந்த வாக்குமூலத்தை வைத்துப் பேசினார். அமெரிக்க ராணுவ உளவு முகமையோ 2002 பிப்ரவரியிலேயே அதைச் சந்தேகித்திருந்தது. 2004 ஜனவரியில் அல்-லிபி சொன்னதையெல்லாம் மறுத்தார். அடி தாங்காமல் சொன்னேன் என்றார். சிஐஏ அந்தத் தகவலைத் திரும்பப் பெற்றது.

பூட்டிய அறைக்குள்ளிருந்து வரும் தாளுக்கு என்ன மதிப்பு என்பதைத் தென்னாப்பிரிக்காவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1971-இல் ஜோகன்னஸ்பர்க்கின் ஜான் வோர்ஸ்டர் சதுக்கக் காவல் நிலையத்தில், நிறவெறி ஆட்சியை எதிர்த்த அகமது திமோல் மாடியிலிருந்து குதித்துவிட்டார் என்று போலீஸ் சொன்னது. 1972-இல் விசாரணை அதைத் தற்கொலை என்று ஏற்றது. கொலை என்று நீதிமன்றம் சொல்ல 2017 ஆனது. இதை 30 வினாடிக்குள் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் தர்க்கம் பிசகக் கூடாது. அடித்து வாங்கியது என்பதால் ஒரு கூற்று பொய்யாகிவிடாது, சான்றாக நிற்கும் தகுதியைத்தான் இழக்கிறது. அதை நம்பாமல் இருக்க வேறு காரணங்கள் 2002-லேயே இருந்தன என்பதை ராணுவ உளவு முகமையின் சந்தேகத்தை வைத்துத்தான் காட்ட வேண்டும்.

ஆதரவு அணியின் பலமான அட்டை, ஜோர்டான் நாட்டுத் தீவிரவாதி சர்காவி. 2002 மே மாதம் அவர் பாக்தாத்தில் இருந்தார். அவரை ஒப்படைக்கும்படி வேறொரு நாட்டு உளவுத்துறை மூலம் சதாம் அரசைக் கேட்டோம் என்றார் பவல். அடைக்கலம் என்று வாதாட இது போதுமான தொடக்கம். எதிரணிக்கு மூன்று பதில்கள் உண்டு. பவல் சர்காவியோடு சேர்த்துச் சொன்ன அன்சார் அல்-இஸ்லாம் என்ற ஆயுதக் குழுவின் முகாம் இருந்த ஈராக்கின் வடகிழக்கு மலைப்பகுதி சதாமின் கையில் இல்லை. சர்காவி பின்லாடனுக்கு விசுவாசம் அறிவித்தது 2004 அக்டோபரில்தான். சதாம் அரசு அவரைத் தேடிப் பிடிக்க முயன்று முடியாமல் போனது என்று அமெரிக்க செனட் உளவுக் குழு 2006 செப்டம்பரில் எழுதியது. தலைப்பில் 2003 மார்ச் என்று கட்டியிருந்தால் கடைசி இரண்டையும் எடுக்க முடியாது. காலத்தைக் கட்டுவதன் அருமை இங்கே தெரியும்.

"சதாம் மதச்சார்பற்றவர், அவர்கள் மதவாதிகள், எப்படி ஒட்டும்?" என்ற வாதத்தை எதிரணி நம்பி இறங்கக் கூடாது. கைப்பற்றிய 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை அமெரிக்க ராணுவத்துக்காக ஆராய்ந்து 2008 மார்ச்சில் வெளியான அறிக்கை, மதவழி இயக்கங்களோடும் சதாம் அரசு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்ததைக் காட்டுகிறது. அதே அறிக்கை, அல் காய்தாவோடு நேரடிச் செயல்கூட்டு இருந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் சொல்கிறது. ஒரு பாதியை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்கள் இரண்டு அணியிலும் உண்டு. 9/11 ஆணையத்தின் 2004 முடிவையும் இப்படித்தான் வெட்டுகிறார்கள்: சந்திப்புகள் நடந்தன, அவை இணைந்து செயல்படும் கூட்டாக வளர்ந்ததற்குச் சான்று இல்லை. முழு வாக்கியத்தையும் படிக்காதவருக்கு இரண்டு மதிப்பெண் குறையும் என்று முன்பே அறிவித்துவிடுங்கள்.

மண்டேலா 2003 ஜனவரியில் போரை எதிர்த்துப் பேசியதை யாராவது கட்டாயம் எடுப்பார்கள், கைதட்டலும் விழும். ஆனால் அது போர் வேண்டுமா என்ற கேள்விக்கான பேச்சு. சதாம் யாருக்கு உதவினார் என்பதற்குச் சான்று ஆகாது. தென்னாப்பிரிக்கா தன் ஆறு அணுகுண்டுகளைக் கலைத்த கதையும், ஈராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருந்ததா என்ற வேறு வழக்கைச் சேர்ந்தது. இரண்டையும் கலந்தால் நடுவர் மணி அடிக்கட்டும்.

"அரசு", "அமைப்பு" என்றே பேசச் சொல்லுங்கள். மதத்தின் பெயரைச் சொல்லிப் பொதுவாக ஒரு வாக்கியம் வந்தாலும் நடுவர் உடனே நிறுத்த வேண்டும். நம் மண்டபத்தில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அணிக்கு மூவர், ஆளுக்கு ஐந்து நிமிடம், முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் குறுக்குக் கேள்வி கிடையாது. மதிப்பெண் தாளின் மேலே ஐந்து படிகளையும் அச்சிட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு பேச்சு முடிந்ததும், பேச்சாளர் எந்தப் படிவரை சான்றோடு ஏறினார் என்று நடுவர் வட்டமிட வேண்டும். எண் போடுவது அதற்குப் பிறகுதான்.