வில் வாங்கும் முன் கண்ணைப் பாருங்கள்

வில்வித்தை பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் எந்தக் கண் தங்களுடைய முதன்மைக் கண் என்று தெரிந்துகொள்ளுங்கள். வேலூரில் இதற்கு இடம் தேட வேண்டாம், கோட்டைக்கு எதிரே நின்றாலே போதும். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்ன இடைவெளி விடுங்கள். அதன் வழியே மதில் முனை ஒன்றைப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது அந்த முனை விலகாமல் நிற்கிறதோ, அதுதான் உங்கள் முதன்மைக் கண். வலது கண் என்றால் வலது கையால் நாணை இழுப்பதுதான் சுலபம்.

பெரியவர்களுக்கே முதல் வில் 20 பவுண்டு இழுவிசைக்குள் இருக்கட்டும். பலமான வில்லை எடுத்தால் தோள் தூக்கிக்கொள்ளும், அந்தப் பழக்கம் பிறகு போகவே போகாது. ஒலிம்பிக்கில் இலக்கு 70 மீட்டரில் இருக்கும். நமக்கு இப்போதைக்கு 10 மீட்டர் போதும். முன்கைக்குக் காப்புறை கட்டாயம், நாண் உரசினால் தோல் கன்றிப்போகும்.

அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்போடு போக வேண்டிய விசை வில்லுக்கே திரும்பி, அது உடைந்துவிடலாம். நம் ஊர் கத்திரி வெயிலில் காலை ஏழு மணிக்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள்; பூட்டிய காருக்குள் வில்லை வைக்காதீர்கள்.