பிள்ளையின் பயமும் நம் பயமும்: வீட்டில் செபம் சொல்லும் விதம்

எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது எனக்கு 11 வயது. இன்றைக்கும் மார்கழியில் கடல் இரைந்தால் எனக்கு நித்திரை வராது. பிள்ளைகளுக்கு இது தெரியக்கூடாது என்று பல வருடம் மறைத்தேன். ஒரு மழை இரவில் மூத்தவன் கேட்டான்: "அம்மா, ஏன் கதவைத் திரும்பத் திரும்பப் பாக்கிறீங்க?" அவனும் நித்திரை கொள்ளாமல் என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். எதற்குப் பயம் என்று தெரியாமலே அவன் பயந்திருக்கிறான்.

குடும்பச் செபம் எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. செபமாலையை வேகமாகச் சொல்லி முடிப்போம், பிள்ளைகள் பாதியில் தூங்கி விழுவார்கள். அன்றைக்குப் பிறகு அதைக் கொஞ்சம் மாற்றினோம்.

முதலில் நேரம். படுக்கப் போகும்போது வேண்டாம். பயத்தை வாயால் சொன்ன கையோடு விளக்கை அணைத்தால் பிள்ளை அதோடுதான் படுக்கும். நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், 7.30க்குப் பாய் விரித்து உட்காருகிறோம். கணவர் கட்டாரில், அங்கே அப்போது 5 மணி. வேலை முடிந்திருந்தால் அவரும் போனில் சேருவார். பத்து நிமிடம் போதும். கரண்ட் போனால் சுரூபத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி.

பெரியவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். "ஆண்டவரே, இன்றைக்குக் கடல் சத்தம் கேட்டு எனக்குப் பயமாக இருக்கிறது, என்னோடு இரும்" என்று நான் சொல்வேன். அவ்வளவுதான். நகை அடகில் இருப்பதையும் வட்டிக் கணக்கையும் பிள்ளை முன்னால் கொட்டாதீர்கள். அவர்கள் தூக்கக்கூடிய அளவு மட்டும். என் கணவருக்கு இது இலகுவாக வரவில்லை. ஒருநாள் "எனக்கும் உங்களைப் பாக்காமல் பயமாத்தான் இருக்கு" என்று போனிலேயே சொன்னார். அடுத்த நாள்தான் மகன் தன் பயத்தைச் சொன்னான்: அப்பாவின் கோல் ஒருநாள் வராமலே போய்விடுமாம்.

பிள்ளை சொல்லும்போது "சீ, இதுக்கெல்லாமா பயம்" என்று வெட்டாதீர்கள். என் அம்மம்மா "சொல்லு மனே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பா. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளியில் பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே வைத்துச் செபித்தவ. பிள்ளை சொன்ன அதே வார்த்தையைச் செபத்தில் எடுத்துச் சொல்லுங்கள். சின்னவள் "கூரை பறக்கும்" என்றால், "ஆண்டவரே, கூரை பறக்குமென்று மகள் பயப்படுகிறாள்" என்றே சொல்லுங்கள். தான் சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு பிழை நானே விட்டேன். மகன் கணக்கில் 40 எடுத்த அன்று, "இவனுக்குப் படிக்கிற புத்தியைக் கொடும்" என்று சத்தமாகச் செபித்தேன். ஒரு கிழமை அவன் பாயில் வாய் திறக்கவில்லை. ஏச வேண்டுமென்றால் வேறு நேரத்தில் ஏசுங்கள்.

இன்னொன்று, இதில்தான் நான் மிகவும் கவனம். "செபித்தால் கெட்டது ஒன்றும் நடக்காது" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று நம் ஊர் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து இறந்தவர்கள் செபிக்க வந்தவர்கள், பிள்ளைகளும் கூட. அதற்குப் பிறகு மகன் கோயிலுக்கு வர மறுத்தான். "அவங்களும் செபிச்சவங்கதானே?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. "ஓம் மகன், எனக்கும் விளங்கேல்ல" என்றேன். அந்தக் கேள்வியையே அன்றைக்கு ஆண்டவரிடம் சேர்ந்து கேட்டோம். சில மாதம் கழித்து, கடைசி வாங்கில், வாசலுக்குப் பக்கத்தில் உட்காருவதென்றால் வருகிறேன் என்றான். சரி என்றோம். இன்றைக்கும் அங்கேதான் உட்காருகிறோம்.

செபம் முடிந்ததும் கைக்கும் ஒரு வேலை கொடுங்கள். மாரி காலத்தில் மகன் டோர்ச் எரிகிறதா என்று பார்ப்பான். பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டையும் போட்ட பை ஆணியில் தொங்குகிறதா என்று சின்னவள் பார்ப்பாள். கடல் வந்தால் எந்த வழியால் ஓடுவது, எங்கே சந்திப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியும். பிள்ளை கிழமைக்கணக்கில் நித்திரை கொள்ளாவிட்டால், பாயை நனைக்கத் தொடங்கினால், செபத்தோடு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கள்.

கடைசியில் நெற்றியில் சிலுவை போடுவோம். நான் பிள்ளைகளுக்கு, பிள்ளைகள் எனக்கு. போன மார்கழியில் கடல் மோசமாக இரைந்த ஒரு இரவு, சின்னவள் பாயிலிருந்து எழும்பி வந்து பெருவிரலால் என் நெற்றியில் இன்னொரு முறை போட்டாள். "இப்ப படுங்கம்மா" என்றாள். கதவை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டுப் படுத்தேன்.