ஒரே வேலைக்கு மூன்று கூலி
என்னுடையது 1992 மாஸ்டா எம்எக்ஸ்-5 கார். டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயங்கவைக்கும் பெல்ட்), வாட்டர் பம்ப், கிராங்க் சீல் (இன்ஜின் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) மூன்றையும் மாற்ற மெக்கானிக் கொடுத்த கொட்டேஷனைப் பார்த்ததும் பகீரென்றது. மொத்தத் தொகையை வைத்து என்ன சொல்வது? பாகங்களின் விலை தனி, கூலி தனி, எத்தனை மணி நேரம் என்று பிரித்து எழுதித் தரச் சொன்னேன். குட்டு வெளிப்பட்டது. இந்த இன்ஜினில் பெல்ட்டைக் கழற்றாமல் பம்ப்பை எடுக்க முடியாது. கழற்றிவிட்டால் சீலும் கைக்கெட்டும். மனுஷன் மூன்றுக்கும் முழுக் கூலி போட்டிருந்தார்! ஒர்க்‌ஷாப் மேனுவலைக் காட்டிக் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டே ஒரே கூலியாக்கினார், சீலுக்கு மட்டும் அரை மணி கூடுதல். ஒரிஜினல் பாகங்களின் விலையில் நான் பேரம் பேசவில்லை. துருப்பிடித்த போல்ட் உடைந்தால் தனிக் கூலி என்றார். பழைய வண்டி, ஒத்துக்கொண்டேன். கழற்றிய பாகங்களை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.