பூனைக் காப்பகம் தொடங்குகிறீர்களா? அந்தத் தனி அறையை விட்டுக்கொடுக்காதீர்கள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் இப்போது பூனைகளுக்கு அடைக்கலம் கொடுக்கும் வீடுகள் கூடியிருக்கின்றன. தென்னந்தோப்புக்குள் ஒரு பழைய மோட்டார் ரூம், வீட்டின் பின்கட்டு, மொட்டை மாடியில் தகர ஷெட் என்று கிடைத்த இடத்தில் இளைஞர்கள் தொடங்கிவிடுகிறார்கள். இடமில்லை, செலவு தாங்காது என்று எந்தப் பூனையையும் கொல்லமாட்டோம் என்பது அவர்களுடைய உறுதி. காப்பகம் நடத்தும் எனக்கும் அதே உறுதிதான். கூப்பிடுகிறார்களே என்று போய்ப் பார்த்தால், ஆரம்பத்தில் நாங்கள் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். மாட்டுப்பால் ஊற்றாதே, குட்டியைக் குளிப்பாட்டாதே என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தனி அறையை விட்டுக்கொடுப்பது

புதிதாக வரும் பூனையைப் பதினான்கு நாள் தனியே வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தொடங்கும்போது அதற்கென்று ஓர் அறையும் ஒதுக்குகிறார்கள். சில மாதம் கழித்துப் போனால் அந்த அறையில் பழைய பூனைகள் குடியேறியிருக்கும். "இடம் பத்தலைங்கக்கா, சும்மாத்தானே கிடக்குதுன்னு விட்டுட்டோமுங்க" என்பார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குப் பொறுக்காத பேச்சு இது.

கொல்லாத காப்பகத்தில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வந்த பூனை போகாது. கண் போனது, கால் போனது, வயதானது எல்லாம் பத்துப் பதினைந்து வருடம் நம்மோடுதான் இருக்கும். நிரம்பிய அறை காலியாவதே இல்லை. வீட்டில் காலியாகத் தெரிவது அந்தத் தனி அறை ஒன்றுதான். அதை நிரப்பிய மறுவாரம் கேட்டுக்கு வெளியே யாரோ விட்டுப்போன குட்டிகளோடு ஒரு பெட்டி வரும். அந்தப் பெட்டி நேராக மற்றப் பூனைகளுக்கு நடுவே போகும்.

வாந்தியும் பேதியுமாகக் குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய் பார்வோ. பூனைகளுக்கு வருவதன் பெயர் பான்லூக்கோபீனியா. வைரஸ் உடம்புக்குள் போனபின் அறிகுறி தெரிய இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். துள்ளி விளையாடும் குட்டி அதைச் சுமந்துகொண்டிருக்கும். குட்டியைத் தொட்ட கை, மலம் பட்ட விளக்குமாறு, செருப்பு, சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றிலும் ஏறிப் போகும். தரையில் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். பினாயிலுக்கும் சானிடைசருக்கும் சாகாது. ஊசி போடாத குட்டிகளில் வந்தால் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

வேலந்தாவளத்துப் பக்கம் ஒரு தம்பி இருக்கிறான். நல்ல மனசுக்காரன், சம்பளத்தில் பாதியைப் பூனைக்குப் போடுகிறவன். ஒருநாள் விடிகாலையில் யாரோ தக்காளிக் கிரேட்டில் சாக்கைப் போட்டு மூடி மூன்று குட்டிகளை அவன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்குப் போன் செய்தான். "அக்கா, குட்டிங்க துறுதுறுன்னுதான் இருக்குதுங்க. ஹால்லயே ஓரமா கூண்டுல வெச்சுக்கறேனுங்க."

"ஹால்ல வேண்டாம்டா தம்பி. பாத்ரூம்ல வை. அதுவும் முடியாட்டி பக்கத்து வீட்டு விறகுக் கொட்டாயைக் கேளு."

ஹாலில்தான் வைத்தான். ஒரே விளக்குமாறு, ஒரே பக்கெட், ஒரே கை. நாலைந்து நாளில் ஒரு குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தது. குடிக்கவில்லை. பிறகு மஞ்சள் நுரையாக வாந்தி, பேதி. அடுத்த வாரத்தில் அவன் ஏற்கெனவே வளர்த்துக்கொண்டிருந்த குட்டிகளுக்கும் வந்துவிட்டது. முழுத் தடுப்பூசி முடித்த பெரிய பூனைகள் தப்பின. குட்டிகளில் ஒன்றும் தேறவில்லை. டிரிப், ஊசி, கோயமுத்தூருக்கு ஓட்டம் என்று அவன் கடன் வாங்கிச் செலவு செய்தான். அவன் அழுதபோது எனக்கும் தாங்கவில்லை. ஆனால் கோபமும் போகவில்லை. அந்தக் குட்டிகளுக்குத் தேவைப்பட்டது ஒரு கதவு மட்டும்தான்.

அறை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. குளியலறை போதும். வேறு கூரைக்குக் கீழே ஒரு பெரிய கூண்டு போதும். அங்கே வைத்த விளக்குமாறும் தட்டும் செருப்பும் வெளியே வரக் கூடாது. காலையில் ஆரோக்கியமான குட்டிகளை முதலில் பாருங்கள், அந்த அறைக்குக் கடைசியில் போங்கள். மண் தரை ஆகாது, அதைச் சுத்தம் செய்யவே முடியாது. சிமெண்ட் தரையை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, 5 சதவீத ப்ளீச் திரவம் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாக விடுங்கள். அழுக்குக்கு மேலே ஊற்றினால் பலன் இல்லை. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். சந்தேகம் வந்த அன்றே டாக்டரிடம் மலத்தைக் கொடுங்கள். நாய்க்குப் பார்வோ பார்க்கும் கிட்டிலேயே பூனையினுடையதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அந்த அறை காலியாக இல்லாத நாளில் புதிய பூனையை எடுக்கக் கூடாது. "சேச்சி, நீங்க எடுக்கலேன்னா ரோட்டுல விட்டுருவேன்" என்று மிரட்டுவார்கள். அப்போது நான் சொல்வது இதுதான்: குட்டி உங்கள் வீட்டிலேயே இரண்டு வாரம் இருக்கட்டும், தீவனமும் ஊசியும் என் பொறுப்பு. கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுப் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த இரண்டு வாரத்தில் பிள்ளைகள் பெயர் வைத்துவிடுவார்கள். பிறகு திருப்பிக் கொடுக்காதவர்கள் உண்டு. இதைவிட நல்ல தத்து நமக்குக் கிடைக்காது.

ஒரு ஊசியோடு நிறுத்துவது

தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. அது எப்போது தீரும் என்று வெளியே தெரியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் தாண்டும்வரை போடச் சொல்கிறார்கள். காப்பகத்தில் இன்னும் முன்னாலேயே தொடங்கலாம், டாக்டரைக் கேளுங்கள்.

ஊசி மருந்தைக் கோயமுத்தூரில் வாங்கி, கேரிபேக்கில் போட்டு, வாளையார் வழியாக வெயிலில் பஸ்ஸில் கொண்டுவருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள். சூடேறினாலும் கெடும், ஐஸ்கட்டியில் நேராக ஒட்டி உறைந்தாலும் கெடும். அந்த மருந்தைப் போட்டுவிட்டு, பாதுகாப்பு வந்துவிட்டது என்று நம்பியிருப்பார்கள். ஒன்று பூனையை டாக்டரிடம் கொண்டுபோங்கள், இல்லையென்றால் ஐஸ்பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவாருங்கள்.

கருத்தடையை அடுத்தவர் வாக்குக்கு விடுவது

"ஆறு மாசம் ஆகட்டுங்க, நாங்களே பண்ணிக்கறோமுங்க" என்று சொல்லி வாங்கிப் போகிறவர்கள் பொய் சொல்வதில்லை. மறந்துவிடுகிறார்கள். பெண் பூனைக்கு நான்கு மாதத்திலேயே சினை பிடிக்கலாம். ஒன்பது வாரத்தில் ஈனும். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். குளிர் நாடுகளில் பகல் குறைந்தால் கொஞ்ச காலம் ஓய்வு உண்டு. நம் ஊரில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய ஒரே நீளம், அதனால் ஓய்வும் கிடையாது. ஒரு கிலோ எடை வந்த குட்டிக்கு, பழகிய டாக்டர் கையில், பாதுகாப்பாகச் செய்யலாம். செய்த பிறகே கொடுங்கள். வெளியே திரும்ப விடும் பூனை என்றால் மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியை வெட்டிவிடச் சொல்லுங்கள். அதையே மறுபடி பிடித்துக்கொண்டு போய் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்காது.

பாராசிட்டமால்

ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பெரிய பூனையைக் கொன்றுவிடும்.

பினாயில்

வேண்டாம்.

நாய் உண்ணி மருந்து

பெர்மெத்ரின் என்று லேபிளில் இருந்தால் பூனைமேல் படவே கூடாது.

நாய்த் தீவனமும் வெறும் மத்தியும்

விலை குறைவு என்று நாய்த் தீவனம் போடுகிறார்கள். பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலேயே வர வேண்டும். அது குறைந்தால் பார்வை போகும், இதயம் வீங்கும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை 1987இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மத்தி நல்லதுதான், ஆனால் தினமும் பச்சை மத்தி மட்டும் என்றால் வைட்டமின் பி1 குறைந்து தலை ஆடத் தொடங்கும். வேகவைத்து, கோழி ஈரலும் இறைச்சியும் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

தகரக் கூரை

பாலக்காட்டு ஏப்ரலில் அதற்குக் கீழே பூனையை வைக்காதீர்கள். வாயைத் திறந்து இளைக்கும் பூனைக்கு உடனே டாக்டர் வேண்டும்.

உறுதிக்காக வலியை நீட்டுவது

இதைச் சொன்னால் சிலர் என்மேல் வருத்தப்படுகிறார்கள். இடுப்பு நொறுங்கி, சிறுநீர் பிரியாமல், எந்த மருத்துவத்துக்கும் வழியில்லாமல் கத்திக்கொண்டிருக்கும் பூனையை, "நம்ம இடத்தில் கொல்றதில்லை" என்பதற்காக ஐந்தாறு நாள் கிடத்தி வைத்தவர்கள் உண்டு. இடத்துக்காகக் கொல்லக் கூடாது என்பது ஒன்று. மீள முடியாத வேதனையை மருத்துவர் கையால் முடித்துவைப்பது வேறு. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 13ஆம் பிரிவில் அதற்கு இடம் தந்திருக்கிறது. முடிவை நீங்கள் தனியாக எடுக்காதீர்கள். முடிந்தால் இரண்டு டாக்டரைக் கேளுங்கள். வலியைக் குறைக்கும் மருந்து என்ன இருக்கிறது, அது எத்தனை நாள் தாங்கும் என்று நேராகக் கேளுங்கள். பதில் வந்தபின் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் கைக்கு ஊசி

பூனை கீறியதற்கு மஞ்சள் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். ரேபிஸ் பூனையிடமிருந்தும் வரும். கடியோ, ரத்தம் வந்த கீறலோ, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காப்பகத்தில் வேலை செய்கிற எல்லோரும் ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளலாம்: முதல் நாள், ஏழாவது நாள், பிறகு 21 அல்லது 28ஆவது நாள். அப்படிப் போட்டவர்களுக்குக் கடிபட்ட பின் இரண்டு ஊசியோடு முடியும், இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்து தேவைப்படாது. சீட்டைப் பத்திரமாக வையுங்கள், ஆஸ்பத்திரியில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.