மரம் கருகுவதை நிறுத்தியது எப்படி: என் அனுபவம்

என் சிறிய சிஎன்சி ரூட்டரில் (கணினிக் கட்டளைப்படி நகர்ந்து மரம் வெட்டும் மெஷின்) கடினமரப் பலகையில் பள்ளம் வெட்டும்போதெல்லாம் ஓரம் கருகிப் புகை வாசனை வந்தது. சுழன்று வெட்டும் முனையான பிட் மழுங்கிவிட்டது என்று நினைத்துப் புதியது போட்டேன். அதுவும் இரண்டே வேலையில் கருத்தது.

மெதுவாக ஓட்டினால் நல்லது என்று நம்பி ஃபீடை, அதாவது பிட் மரத்தில் முன்னேறும் வேகத்தை, குறைத்தேன். கருகல் கூடியது. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். பிட் 6 மி.மீ., இரண்டு ஃப்ளூட் (வெட்டும் விளிம்பு). பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் 24,000 ஆர்பிஎம் (ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகள்), ஃபீட் நிமிடத்துக்கு 720 மி.மீ. ஆர்பிஎம்மையும் ஃப்ளூட் எண்ணிக்கையையும் பெருக்கி, அதால் ஃபீடை வகுத்தால் ஒரு வெட்டுக்கு 0.015 மி.மீ. இவ்வளவு மெல்லியதாக எடுக்கும்போது பிட் மரத்தைச் சரியாக வெட்டுவதில்லை, தேய்க்கிறது. சீவலோடு வெளியேற வேண்டிய சூடு பிட்டிலேயே தங்கிவிடுகிறது. விழுந்த தூளைத் தொட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும், மாவு மாதிரி இருந்தது.

ஆர்பிஎம்மை 16,000 ஆக இறக்கி, ஃபீடை 1,600 ஆக ஏற்றினேன். இப்போது ஒரு வெட்டுக்கு 0.05 மி.மீ. ஆனது. தூளுக்குப் பதில் சீவல் விழுந்தது, கருகல் இல்லை. ஆனால் மெஷின் அதிர்ந்து, பள்ளத்தின் சுவரில் அலை அலையாகக் கோடு விழுந்தது. சிறிய மெஷினின் சட்டம் அவ்வளவு விறைப்பாக இருக்காது. சரி என்று ஃபீடைத் தொடாமல், ஒரு தடவைக்கு 3 மி.மீ. எடுத்த ஆழத்தை 1.5 ஆக்கினேன். அதிர்வு நின்றது, சுவரும் வழவழப்பாக வந்தது.