மண்ணுக்குள்ள உடைஞ்ச டிரெயினேஜ் பைப்பை மாத்துறது எப்படி?

டாய்லெட், பாத்ரூம், கிச்சன் எல்லாத்துலயும் ஒண்ணா தண்ணி மெதுவா இறங்குதா, ஃப்ளஷ் பண்ணா பாத்ரூம் ஓட்டையில களக் களக்னு சத்தம் வருதா, அப்ப கோளாறு மெயின் லைன்லதான். ஒரே இடத்துல மட்டும் தண்ணி நின்னா அது அந்த கிளை பைப்போட அடைப்பு, அதுக்காக தரையைத் தோண்டாதீங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். சேம்பருக்குள்ளயோ (டிரெயினேஜ் லைன்ல மூடி போட்டு வச்சிருக்கற தொட்டி) செப்டிக் டேங்குக்குள்ளயோ இறங்காதீங்க, தலையைக்கூட விடாதீங்க. உள்ள இருக்கற ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கற விஷவாயு அதிகமானா மூக்குக்கு நாத்தமே தெரியாம போயிடும், வாடை இல்லையேன்னு நம்பி இறங்குனவங்களும் அவங்களைத் தூக்கப் போனவங்களும் சேர்ந்தே உயிரை விட்டிருக்காங்க.

உடைஞ்ச இடத்தைக் கண்டுபிடிக்க, சேம்பர் மூடியைத் திறந்து மேல நின்னபடி கம்பியை விடுங்க, தட்டுற இடம் வரைக்கும் அளந்து அதே அளவைத் தரை மேல குறிச்சுக்கோங்க. அங்க மண்ணு ஈரமாவோ அமுங்கியோ இருந்தா சந்தேகமே வேண்டாம். கரண்ட் கேபிள், கேஸ் லைன் அந்தப் பக்கம் போகலைன்னு உறுதி பண்ணிட்டு தோண்டுங்க, பைப்புக்கு அடியிலயும் கை நுழையற அளவுக்கு இடம் வேணும். குழி ஒரு மீட்டரைத் தாண்டி ஆழமா போச்சுன்னா பக்கத்து மண்ணு சரிஞ்சு ஆளை மூடிடும், அந்த வேலையை அனுபவமுள்ள ஆளுங்ககிட்ட விட்டுடுங்க.

வீட்ல யாரும் தண்ணி விடக்கூடாதுன்னு சொல்லிட்டு, கிளவுஸ் போட்டுக்கிட்டு, விரிசலுக்கு ரெண்டு பக்கமும் 15 செ.மீ. தள்ளி நேரா அறுங்க. அறுத்த முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க, பிசிறு இருந்தா துணி, முடி எல்லாம் அதுல மாட்டி திரும்பவும் அடைக்கும். புதுத் துண்டு இடைவெளியைவிட ஒரு 5 மி.மீ. குறைவா இருக்கட்டும். நடுவுல தடுப்பு இல்லாத, ரப்பர் ரிங் வச்ச ரிப்பேர் கப்ளிங் (ரெண்டு பைப்பைச் சேர்க்கற குழாய்த் துண்டு) ரெண்டு வாங்கி, சோப்புத்தண்ணி தடவி (எண்ணெய் வேண்டாம், ரப்பர் கெட்டுப்போகும்) பழைய பைப் மேல முழுசா ஏத்திட்டு, புதுத் துண்டை உட்கார வச்சு, பாதிப் பாதி மூடற மாதிரி இழுத்து விடுங்க. எவ்வளவு இழுக்கணும்னு முன்னாடியே மார்க்கர்ல கோடு போட்டு வச்சுக்கோங்க. பழசு மண் பைப்பா இருந்தா ஸ்டீல் கிளாம்ப் வச்ச ரப்பர் கப்ளிங்தான் சரி.

பைப்பை மாத்துறதைவிட வாட்டம்தான் எனக்கு முக்கியம். 4 இன்ச் பைப்புக்கு மீட்டருக்கு 2 செ.மீ. இறக்கம் போதும், ரசமட்டம் வச்சுப் பாருங்க. நடுவுல தொங்குச்சுன்னா கழிவு அங்கேயே தங்கிடும், எவ்வளவு நல்ல பைப் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. அதனால அடியில கல்லில்லாத மணல் போட்டு, பைப்போட ரெண்டு விலாவுலயும் கையால இறுக்கி அடைங்க.

உடனே மூடிடாதீங்க! நாலஞ்சு தடவை ஃப்ளஷ் பண்ணி ஜாயிண்ட்ல கையை வச்சுப் பாருங்க, ஈரம் கசியலைன்னா மேலயும் 15 செ.மீ. மணல் போட்டுட்டு, அப்புறம் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டு மிதிச்சு மூடுங்க.

அறுத்தெடுத்த துண்டுக்குள்ள வேர் இருந்துச்சுன்னா மத்த ஜாயிண்ட்லயும் வேர் நுழைஞ்சிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. வரிசையா விரிசல் தெரிஞ்சா துண்டு துண்டா ஒட்டுப்போடாம அந்த லைனையே மாத்திடுங்க.