தோட்டத்துச் சம்பளக் கணக்குக்கு நிரல் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

மலேசியாவின் தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களில் செக்ரோல் புத்தகம், அதாவது ஆள் வருகையும் சம்பளமும் எழுதும் பேரேடு, கொஞ்சம் கொஞ்சமாகக் கணினிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கிராணிக்கு (தோட்ட அலுவலக எழுத்தருக்கு) ஒரு சம்பள மென்பொருள், மளிகைக் கடைக்கு ஒரு பில் மென்பொருள் என்று எழுதித்தர பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள் வருகிறார்கள். மொழி புதிது, கருவிகள் புதிது. தவறுகள் மட்டும் கோபோல் (COBOL) என்ற பழைய நிரல்மொழிக் காலத்துத் தவறுகள்.

கடவுச்சொல்லை நிரலோடு சேர்த்து ஏற்றுவது, மாறிக்கு வாயில் வந்த பெயரை வைப்பது போன்றவற்றைக் கல்லூரியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பணத்தை ஃப்ளோட்டில் வைப்பது

வைக்காதீர்கள். ஃப்ளோட் என்பது தசம எண்ணைத் தோராயமாகவே வைத்திருக்கும் எண் வகை. சென் (ரிங்கிட்டில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் முழு எண்ணாக வையுங்கள், அல்லது டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள்.

கடைக்கு எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. 2008 ஏப்ரல் 1 முதல் பில் தொகை 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது: 1, 2 சென் கீழே, 3, 4 சென் 5 ஆகும், 6, 7 சென் 5 ஆகும், 8, 9 சென் 10 ஆகும். இது பில்லின் மொத்தத்துக்கு, ஒவ்வொரு பொருளுக்கும் அல்ல. 1.02 ரிங்கிட் பொருள் மூன்று வாங்கினால் மொத்தம் 3.06, கட்ட வேண்டியது 3.05. பொருள்வாரியாக முழுமையாக்கினால் 3.00 வரும். நாளெல்லாம் பில் போட்ட பிறகு கல்லாவில் இருக்கும் காசும் கணினி காட்டும் காசும் சேராது. பழி கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தலையில் விழும்.

விகிதத்தை நிரலுக்குள் புதைப்பது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே. ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு என்பதால், சம்பளம் பெருக்கல் 0.11 என்று ஒரு வரி. பார்க்க அழகாக இருக்கும், சோதனையில் பாஸாகும், முதல் மாதம் எல்லோரும் கை தட்டுவார்கள். இந்த ஒரு வரிக்குள் நாலு தவறு இருக்கிறது.

முதலாவது, ஊழியர் சேமநிதியின் சந்தா வெறும் பெருக்கல் அல்ல. சேமநிதிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளம் 20 ரிங்கிட் படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. படியின் மேல் எல்லைக்குக் கணக்கிட்டு, அடுத்த முழு ரிங்கிட்டுக்கு உயர்த்த வேண்டும். 1,710 ரிங்கிட் சம்பளம் 1,700.01 முதல் 1,720 வரையிலான படியில் விழும்: தொழிலாளி 190, முதலாளி 224. வெறுமனே 11, 13 விழுக்காட்டால் பெருக்கினால் 188.10, 222.30 என்று வரும். ஆளுக்கு ஒன்றிரண்டு ரிங்கிட்தானே என்று நினைக்கலாம். முந்நூறு ஆள், பன்னிரண்டு மாதம் என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள். குறைத்துக் கட்டியதை முதலாளிதான் பிறகு கட்ட வேண்டிவரும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டாலும் இதே பெருக்கலைத் தன்னம்பிக்கையோடு எழுதித் தருவதுண்டு. அட்டவணையைத் திறந்து பத்து வரியையாவது கையால் சரிபாருங்கள்.

இரண்டாவது, எந்தச் சம்பளம்? ஓவர்டைம் பணம் சேமநிதிக் கணக்கில் வராது, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) கணக்கில் வரும். ஒரே ‘மொத்தச் சம்பளம்’ என்ற மாறியை இரண்டுக்கும் கொடுத்தால் ஏதாவது ஒன்று கட்டாயம் தவறும்.

மூன்றாவது, யாருடைய சம்பளம்? 60 வயதைக் கடந்த மலேசியருக்கு முதலாளியின் பங்கு 4 விழுக்காடு, தொழிலாளியின் கட்டாயப் பங்கு இல்லை. அறுவடையில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2025 அக்டோபர் முதல் இருபக்கமும் 2 விழுக்காடு.

நாலாவதுதான் பெரியது. எந்த நாளின் விகிதம்? தொழிலாளியின் பங்கு 2016 மார்ச் முதல் 2017 டிசம்பர் வரை 8, பிறகு 11, 2020 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை 7, 2021 ஜனவரி முதல் 2022 ஜூன் வரை 9, ஜூலையிலிருந்து மீண்டும் 11. 7 விழுக்காடு ஓடிய காலத்திலும் பாரம் (படிவம்) கொடுத்து 11-இலேயே இருந்தவர்கள் உண்டு. ஆகவே விகிதம் நாட்டுக்கு ஒன்று என்றும் இல்லை, ஆளுக்கு ஒன்று. குறைந்தபட்சச் சம்பளம் 2020 பிப்ரவரியில் மாநகர், நகராட்சி எல்லைக்குள் 1,200, வெளியே 1,100. 2022 மே மாதம் 1,500. 2025 பிப்ரவரியில் 1,700, அதுவும் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு ஆகஸ்டிலிருந்துதான். சொக்சோ சம்பள உச்சவரம்பு 2022 செப்டம்பரில் 5,000, 2024 அக்டோபரில் 6,000. கடை மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் விடுதலை இல்லை: ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) 2015 ஏப்ரலில் 6 விழுக்காட்டில் வந்தது, 2018 ஜூனில் பூஜ்யமானது, செப்டம்பரில் எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) வந்தது, 2024 மார்ச்சில் சேவை வரி பெரும்பாலான சேவைகளுக்கு 8 ஆனது.

விகிதம் மாறிய அன்று புதியவர்கள் செய்வது இதுதான்: 0.11-ஐ அழித்து 0.07 என்று எழுதி, புதுப் பதிப்பை அனுப்புகிறார்கள். அந்த மாதச் சம்பளம் சரியாக வரும். ஒரு தொழிலாளி வங்கிக் கடனுக்குப் போன வருடச் சம்பளச் சீட்டை மறுபடி கேட்டு வரும்போதுதான் வண்டவாளம் வெளிப்படும். மென்பொருள் பழைய சம்பளத்தைப் புது விகிதத்தில் கணக்கிட்டு அச்சடித்துக் கொடுக்கும். அவர் கையிலிருக்கும் பழைய சீட்டும் இதுவும் ஒத்துப்போகாது. கிராணி கையால் திருத்துவார். திருத்தியது கணினிக்குத் தெரியாது.

செய்ய வேண்டிய முறை கடினமானதல்ல.

விகிதங்களுக்குத் தனி டேபிள். அதில் வகை, யாருக்கு, மதிப்பு, தொடக்க நாள், முடிவு நாள், பதிந்த நாள் என்று பத்திகள். முடிவு நாளை ‘அந்த நாளுக்கு முன்பு வரை’ என்று வையுங்கள்: 7 விழுக்காட்டு வரிசை 2020-04-01-இல் தொடங்கி 2021-01-01-இல் முடியும், 9 விழுக்காட்டு வரிசை அதே 2021-01-01-இல் தொடங்கும். டிசம்பர் 31 என்று எழுதினால், அன்று காலை எட்டு மணிக்குப் பதிவான வேலை எந்த வரிசையிலும் சேராமல் நிற்கும். இரண்டு வரிசை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலிருக்கப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் தொடக்கம் முதல் முடிவு வரையிலான நாட்களை ஒரே மதிப்பாக வைக்கும் டேட்ரேஞ்ச் வகையும், மோதும் வரிசையைத் தடுக்கும் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெய்ன்ட்டும் இருக்கின்றன. பிட்ரீ-ஜிஸ்ட் நீட்சியை முதலில் நிறுவ வேண்டும்.

விகிதத்தைத் தேடும்போது இன்றைய தேதியைக் கொடுக்காதீர்கள், சம்பள மாதத்தைக் கொடுங்கள். ஜூலைச் சம்பளம் ஆகஸ்ட் 5-ஆம் தேதி கணக்கிடப்பட்டாலும் அது ஜூலைச் சம்பளம்தான். சேமநிதி வாரியம் ‘சந்தா மாதம்’ என்று சொல்வது அதற்கு அடுத்த மாதத்தை. இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு தேவைப்படும் இடத்தில் ஒன்று கூட்டிக் கழித்துக்கொள்ளலாம் என்று கிளம்பியவர்களின் நிரலைப் படிப்பது தண்டனை.

சம்பளம் உறுதியானதும், பயன்படுத்திய விகிதத்தையும் வந்த தொகையையும் சம்பள வரிசையிலேயே எழுதிவிடுங்கள். மறு அச்சு என்றால் எழுதியதை எடுத்து அச்சடிப்பது. மீண்டும் கணக்கிடுவது அல்ல.

பதிந்த நாள் எதற்கு என்று கேட்பார்கள். அரியர்ஸுக்கு, அதாவது நிலுவைச் சம்பளத்துக்கு. தோட்ட முதலாளிகளின் சங்கமான மாப்பாவும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் செய்யும் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளும், அது நடைமுறைக்கு வரும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பின்தேதியிட்ட உயர்வு வந்தால், அன்று கொடுத்த சம்பளம் அன்று தெரிந்த விகிதத்தில் சரியானது, இன்று தெரிந்ததில் குறைவானது. இரண்டும் உண்மை. பழைய வரிசையைத் தொடாமல், வித்தியாசத்தை மட்டும் ‘அரியர்ஸ், இன்ன மாதத்துக்கு’ என்று புது வரிசையாகப் போடுங்கள்.

சோதனைக்கு 2020 மார்ச், ஏப்ரல், 2021 ஜனவரி, 2022 ஜூன், ஜூலை ஆகிய ஐந்து மாதங்களை ஓட்டிப் பாருங்கள். ஐந்தும் சரியாக வந்தால் அடுத்த பட்ஜெட் அறிவிப்பு இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

பிறந்த நாளை நேரமாகச் சேமிப்பது

தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்கு அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதற்கு முன் நாம் யூடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) 8 மணி அல்ல, ஏழரை மணி முன்னே இருந்தோம். 1966 பிப்ரவரி 1 நள்ளிரவு என்பதை +8 என்று வைத்துச் சேமித்துவிட்டு, மலேசிய நேர வரலாறு தெரிந்த இன்னொரு கருவியில் திறந்தால் 1966 ஜனவரி 31 இரவு 11.30 என்று காட்டும். நேரத்தை வெட்டிவிட்டு நாளை மட்டும் எடுத்தால் பிறந்த நாள் ஒரு நாள் பின்னே போய்விடும். இந்த ஆளுக்கு 60 வயது ஒரு மாதம் முன்பே ஆனதாகக் கணக்காகும், சேமநிதிப் பிடித்தமும் முன்பே நின்றுவிடும். பாதிக்கப்படுவது 1982-க்கு முன் பிறந்தவர்கள். தோட்டத்தில் இன்று அறுபதை நெருங்குகிறவர்கள் எல்லோருமே அவர்கள்தான். நாளுக்கு ‘டேட்’ வகை, நேரம் வேண்டாம்.

ஐசி எண்ணை எண்ணாக வைப்பது

ஐசி (அடையாள அட்டை) எண் 12 இலக்க எழுத்துச் சரம், அதன் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் ஐசி பூஜ்யத்தில் தொடங்குகிறது. எக்செல் அதைத் தின்றுவிட்டு 11 இலக்கத்தையோ அதற்கும் குறைவாகவோ திருப்பித் தரும். அந்தப் பிள்ளைகள் இப்போது வேலைக்கு வந்துவிட்டார்கள்.

பெயரை இரண்டாக வெட்டுவது

முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்த பாரத்தை நம் ஆட்களிடம் கொடுத்தால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும், ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்) எங்காவது நடுவில் தொங்கும். ஒரே கட்டம், ஐசியில் உள்ளபடி முழுப் பெயர், அவ்வளவுதான். சம்பளச் சீட்டைப் பெயரை வைத்து பிடிஎஃப் கோப்பாகச் சேமிக்காதீர்கள்: ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ (இன்னாரின் மகள்) இரண்டிலும் இருக்கும் சாய்கோட்டை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது, லினக்ஸ் அதை ஃபோல்டர் என்று நினைத்துக்கொள்ளும். சீனத் தொழிலாளர் பெயர்களை வைத்துச் சோதித்துவிட்டு வருகிற மென்பொருள், முதல் மாதச் சம்பளத்தன்று இங்கே வந்து நிற்கும்.

இணையம் இருக்கும் என்று நம்புவது

பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) விடியுமுன் நடக்கிறது, பழக்குலை எண்ணுவது தோட்டத்துக்குள் மரங்களுக்கிடையே நடக்கிறது, அலைபேசிக் கோபுரம் மெயின் ரோட்டில் இருக்கிறது. மண்டோர் (மேற்பார்வையாளர்) கைப்பேசியில் பதிவதை முதலில் கைப்பேசியிலேயே சேமியுங்கள், லைன் கிடைக்கும்போது அனுப்புங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் திரும்புவதற்குள் லைன் அறுந்தால், கைப்பேசி போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். 84 குலை 168 ஆகிவிடும். பதிவு உருவாகும் நொடியிலேயே கைப்பேசி அதற்கு ஒரு தனி அடையாளத்தைக் கொடுக்க வேண்டும், யூயூஐடி (ஒன்றைப்போல் இன்னொன்று வராத நீண்ட அடையாளம்) போதும். சர்வரில் அந்தப் பத்திக்கு, ஒரே மதிப்பு இரண்டு முறை சேராதபடி யுனிக் கட்டுப்பாடு. இரண்டாவது முறை வந்தால் பிழை காட்டாமல், ‘வந்துவிட்டது’ என்றே பதில் சொல்லுங்கள். பிழை காட்டினால் மண்டோர் விடாமல் பட்டனை அழுத்திக்கொண்டிருப்பார்.

கூபர்நெட்டிஸ்

பல சர்வர்களில் மென்பொருளைப் பரப்பி நிர்வகிக்கும் கருவி இது. இங்கே முந்நூறு ஆள், 26 நாள், மாதம் 7,800 வரிசை. வேண்டாம்.

பேக்கப்

வேறு கணினியில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். மதிய இடி தொடங்கும் மாதங்களில் யூபிஎஸ் மட்டும் போதாது. தொலைபேசிக் கம்பி வழியாக வரும் மின்னல் மோடத்தையும் அதோடு கோத்த கணினியையும் சேர்த்துச் சுடும்.

மேனேஜரிடம் மட்டும் கேட்டு எழுதுவது

மேனேஜர் விதியைச் சொல்வார். விதிவிலக்கு கிராணிக்குத்தான் தெரியும்: உதிரிப் பழம் எந்தக் கணக்கில், மழை நாளுக்கு எவ்வளவு, முன்பணம் எந்தத் தேதியில் கழியும். மாதக் கடைசி மூன்று நாள் கிராணியின் மேசைக்குப் பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காமல். அவர் புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதுவதெல்லாம் உங்கள் டேபிளில் விடுபட்ட பத்திகள்.

மொத்த விலை பேசுவது

எழுதித்தர ஒரு தொகை, வருடாந்தரப் பராமரிப்புக்கு ஒரு தொகை என்று முதல் நாளே பிரித்து எழுதுங்கள். மேலே சொன்ன விகித மாற்றங்களைப் பாருங்கள். பெரும்பாலான வருடங்கள் சும்மா போவதில்லை. ‘சின்ன மாற்றம்தானே தம்பி’ என்று அழைப்பு வரும், வருவது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். டொமைன், சர்வர் கணக்கு இரண்டையும் தோட்ட அலுவலகத்தின் பெயரில் பதியுங்கள், உங்கள் பெயரில் அல்ல. நீங்கள் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போன பிறகும் அங்கே மாதாமாதம் சம்பளம் போட வேண்டும்.